படகிலிருந்து பார்த்த கரை

நைல் நதியில் படகேறிப் பழைய கோயில்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எழுதிய புஸ்தகங்களைச் சேர்த்து அடுக்கினால் ஒரு பீரோ நிறையும். சரித்திரப் பேராசிரியர்கள் எழுதியவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. உடம்பு தேறுவதற்காகவும், குளிருக்குப் பயந்தும், வேறு வேலை இல்லாமலும் போய், திரும்பி வந்து, பேனாவை எடுத்தவர்களைத்தான் சொல்கிறேன். எகிப்திய சரித்திரம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் இவற்றைப் படிக்க ஆரம்பிக்கவில்லை. அதற்கு வேறு நூல்கள் இருக்கின்றன. கதை எழுதுகிறவனுக்கு ஒரு படகு என்ன உதவி செய்கிறது, என்ன உபத்திரவம் செய்கிறது என்று பார்க்கத்தான் படித்தேன்.

உதவி என்ன என்பது வெளிப்படை. நாலு பேரை ஓர் இடத்தில் அடைத்து வைத்து, மூன்று வேளையும் ஒரே மேஜையில் சாப்பிட வைத்து, கோபம் வந்தாலும் எழுந்து போக முடியாதபடி செய்வதற்குக் கதாசிரியன் எத்தனை பாடுபட வேண்டியிருக்கிறது! ரயில் பெட்டி என்றால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவார்கள். கல்யாண வீடு என்றால் கட்டுச்சாதக் கூடை வந்துவிடும். படகில் அந்தக் கவலை கிடையாது. ஆளும் நகர வேண்டாம், காட்சியோ தானாக மாறிக்கொண்டே இருக்கிறது. இதைவிட வாகான ஏற்பாடு ஒரு நாவலாசிரியனுக்குக் கிடைக்காது.

உபத்திரவமும் அந்த வாகிலேயேதான் இருக்கிறது. படகில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்தவனுக்குக் கரை, நாடகக் கொட்டகைத் திரைச்சீலையாக ஆகிவிடுகிறது. பனை மரம், எருமை, குடம் சுமக்கிற பெண், பின்னால் ஒரு கோபுர வாசல் என்று எழுதப்பட்ட படுதா ஒன்று இழுத்துக்கொண்டு போகப்படுகிறது. அந்தப் பெண்ணின் பெயர் என்ன, அவள் யார் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறாள் என்று கேட்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஆகையால் இந்தப் புஸ்தகங்களை நான் நிறுப்பதற்கு ஒரே தராசுதான் வைத்திருக்கிறேன். கோயிலை எவ்வளவு அழகாக வர்ணித்திருக்கிறார் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படகுக்கும் கோயிலுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிறானே, அவன் என்ன ஆனான்?

முதலில் அந்த ஆற்றைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே அடிக்கிறது. மேலே போக வேண்டுமா, பாயை விரி. கீழே வர வேண்டுமா, பாயைச் சுருட்டிவிட்டு நீரோட்டத்தோடு வா. பண்டைய எகிப்தியரின் சித்திர எழுத்தில் தெற்கே பிரயாணம் என்பதற்குப் பாய் விரித்த படகையும், வடக்கே பிரயாணம் என்பதற்குப் பாய் இல்லாத படகையும் போட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாத்ரீகர்கள் வாடகைக்குப் பிடித்த பெரிய பாய்ப் படகுக்குத் தஹாபியா என்று பெயர். எலியும் மூட்டைப்பூச்சியும் ஒழிவதற்காக, ஏறுவதற்கு முன்னால் படகை ஒரு தடவை ஆற்றில் அமிழ்த்தி எடுக்கச் சொல்ல வேண்டும் என்று அக்காலத்து வழிகாட்டி நூல்கள் யோசனை கூறின. காற்று நன்றாக இருக்கும்போது எந்தக் கோயிலுக்காகவும் நிற்கக் கூடாது என்பது படகுக்காரர்களின் விதி. எல்லாவற்றையும் கடந்து மேலே போய்விட்டு, திரும்பும்போது சாவகாசமாக ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

கதை சொல்கிறவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும். போகும்போது தூரத்தில் தெரிந்து மறைகிற தூண்கள், வரும்போது கிட்டத்தில் வருகின்றன. ஆசையை முதலில் காட்டி, அதை நிறைவேற்றுவதைப் பின்னால் வைத்துக்கொள்ளும் உத்தியை அந்த ஆறே கற்றுக்கொடுக்கிறது.

இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றவர் அமீலியா எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேய மாது. 1873-ஆம் வருஷம் ஐரோப்பாவில் விடாமல் மழை பெய்ததால், வெயில் தேடிக்கொண்டு தோழி ஒருத்தியுடன் கெய்ரோவுக்கு வந்து சேர்ந்தார். ‘பிலே’ என்ற தஹாபியாவை அமர்த்திக்கொண்டு, மேலே அபு சிம்பலையும் தாண்டி இரண்டாவது நீர்வீழ்ச்சி வரையில் போய்வந்தார். 1877-இல் ‘நைல் நதியில் ஆயிரம் மைல்’ என்ற புஸ்தகம் வெளிவந்தது. அதற்கு முன்பே அவர் பெயர் பெற்ற நாவலாசிரியை. ‘பார்பராவின் சரித்திரம்’ 1864-இல் வந்து நன்றாக ஓடியிருந்தது. நைலுக்குப் பிறகு 1880-இல் ஒரே ஒரு நாவல், அத்தோடு சரி. 1882-இல் எகிப்திய அகழ்வாராய்ச்சிக்காக ஒரு நிதிச் சங்கத்தை ஏற்படுத்துவதில் முன்னின்றார். 1892-இல் இறந்தபோது தம் சொத்தை லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் எகிப்தியவியல் பேராசிரியர் பதவிக்கு எழுதி வைத்தார். பிளிண்டர்ஸ் பெட்ரி அதில் முதலில் அமர்ந்தார். ஒரு நதி ஒரு நாவலாசிரியையை இப்படி அடியோடு விழுங்கிய கதை வேறு இலக்கியத்தில் உண்டா என்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

புஸ்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் நாவலாசிரியையின் கை தெரிகிறது. படகில் வந்த கனவான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் அவர் பெயர் வைக்கவில்லை. ஓவியர், சோம்பேறி மனிதர், புது மணத் தம்பதி, எழுத்தாளர் (அதாவது தாமே) என்று நாடகப் பாத்திரங்களைப் போல அடையாளம் மட்டும் கொடுத்திருக்கிறார். ஆனால் படகோட்டிகளுக்குப் பெயர் இருக்கிறது. படகுத் தலைவர் ரெய்ஸ் ஹஸன். காரியஸ்தனும் துபாஷியுமான தல்ஹமி. நாற்பது அத்தியாயம் எழுதி வேலைக்காரனை வேலைக்காரன் என்றே அழைத்து முடிக்கும் ஆசிரியர்கள் இருக்கும் உலகத்தில் இது சின்ன விஷயமல்ல. காற்று விழுந்த நாட்களில் அந்த மனிதர்கள் கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, நீரோட்டத்தை எதிர்த்துப் படகை இழுக்கிறார்கள். அந்தக் காட்சி அம்மாளுக்கு உறுத்துகிறது. உறுத்தியது என்று எழுதுகிறார். பிறகு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்.

அபு சிம்பல் அத்தியாயத்துக்காகவே இந்தப் புஸ்தகத்தைப் படிக்கலாம். மலையைக் குடைந்து செய்த கோயிலின் முகப்பில் ராம்ஸேஸ் மன்னனின் நாலு பிரம்மாண்டமான உருவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றின் முகத்தில், முன்னொரு காலத்தில் ராபர்ட் ஹே என்பவருக்காக அச்சு எடுத்தபோது ஒட்டிக்கொண்ட வெள்ளைச் சுண்ணம் திட்டுத் திட்டாக நின்றுவிட்டது. எட்வர்ட்ஸ் அம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. படகின் துடுப்புகளையும் பாய்மரக் கம்புகளையும் கட்டிச் சாரம் போட்டு, மாலுமிகளை ஏற்றிச் சுண்ணத்தைச் சுரண்டச் சொன்னார். அப்படியும் போகாத வெண்மையை மறைக்க, டிகாக்ஷனைக் கம்பு நுனியில் கட்டிய பஞ்சில் தோய்த்துப் பூசச் செய்தார். கல்லின் நிறம் வந்துவிட்டது. மூன்றரை அடி அகல வாய் உள்ள ஒரு விருந்தாளிக்குக் காபி போட வேண்டியிருக்கிறதே என்று படகின் சமையல்காரன் திகைத்துப் போனானாம். காபிப் பொடியின் விலை தெரிந்த நம் வீட்டு அம்மாள்கள் அந்தச் சமையல்காரன் கட்சியில்தான் சேருவார்கள்.

அதே இடத்தில் ஓவியர் மணலுக்குள் மறைந்து கிடந்த ஒரு சிற்றறையைக் கண்டுபிடித்தார். எல்லாரும் மண்டியிட்டு மணலை வாரினார்கள். சுவர்களில் வர்ணம் மங்காத சித்திரங்கள். கடைசியில் கண்டுபிடித்தவர்கள் தங்கள் பெயர்களையும் தேதியையும் சுவரில் எழுதி வைத்தார்கள். சுற்றுலாப் பிரயாணிகள் கோயில் சுவர்களில் பெயரைக் கிறுக்கி நாசம் செய்கிறார்கள் என்று அதே புஸ்தகத்தில் அம்மாள் ஆத்திரப்பட்டிருக்கிறார்! தீப்ஸில் கள்ளத்தனமாகப் பழம்பொருள் வாங்கும் வேட்டையில் தாமும் இறங்கியதையும், சட்ட விரோதமாக இருந்ததாலேயே அதில் ருசி கூடியதையும் ஒளிக்காமல் சொல்கிறார். கூடவே வேறு படகில் வந்த இரண்டு சீமாட்டிகள் ஒரு மம்மியை விலைக்கு வாங்கி, நாற்றம் தாங்காமல் ஒரு வாரத்தில் ஆற்றில் விட்டுவிட்ட கதையும் இருக்கிறது. இதையெல்லாம் மறைக்காத நேர்மைக்காக அவரைப் பாராட்டத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பக்கங்களைச் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். செத்தவன் அந்த ஊர்க்காரன். ஆற்றில் போட்டவர்கள் வந்து போகிறவர்கள்.

இங்கே நம் சம்பந்தமான ஒரு சமாசாரத்தையும் சொல்லிவிடுகிறேன். லக்ஸருக்குச் சற்றுக் கீழே கிஃப்ட் என்ற ஊர் இருக்கிறது. பழைய பெயர் கோப்டாஸ். அம்மாளின் படகு அதைக் கடந்துதான் மேலே போனது. வியன்னாவில் பத்திரமாக இருக்கும் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்றில் முசிறித் துறைமுகத்து வியாபாரம் பற்றிய கடன் ஒப்பந்தம் எழுதியிருக்கிறது. செங்கடல் கரையில் இறக்கிய சரக்கை ஒட்டகத்தில் ஏற்றிக் கோப்டாஸுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நைல் வழியாக அலெக்ஸாந்திரியாவுக்கு அனுப்ப வேண்டும் என்பது அதில் கண்ட ஷரத்து. செங்கடல் கரையிலேயே குஸேர் என்ற இடத்தில் தமிழ் பிராமி எழுத்தில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் கீறிய பானை ஓடுகள் அகப்பட்டிருக்கின்றன. ஆக, கல் சிலைகளும் உல்லாசப் பிரயாணிகளும் மட்டுமே அந்த ஆற்றுக்குச் சொந்தம் என்பதில்லை. மிளகு மூட்டையும் அதில் மிதந்திருக்கிறது.

எட்வர்ட்ஸ் அம்மாளுக்குச் சுமார் இருபத்தைந்து வருஷம் முன்னால், 1849-50-இல், குஸ்தாவ் பிளாபேர் தம் சிநேகிதர் மாக்ஸிம் டு காமுடன் நைலில் போனார். ‘மேடம் பொவாரி’ இன்னும் எழுதப்படவில்லை. கோயில்கள் தமக்கு அலுத்துவிட்டன என்று அவர் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவரிடம் பிரியம். எந்தச் சிற்பத்தின் முன்னால் நின்றாலும் ‘ஆஹா’ என்று சொல்லியாக வேண்டும் என்கிற பயம் அந்த மனிதருக்கு இல்லை. டு காமுக்கோ அலுக்கவில்லை. அப்போதுதான் புதிதாக வந்திருந்த போட்டோக் கருவியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோயிலாகப் படம் பிடித்தார். கட்டடத்தின் உயரம் விளங்க வேண்டும் என்பதற்காக ஹாஜி இஸ்மாயில் என்ற நூபிய மாலுமியைத் தூணின் மேலும் சிலையின் மடியிலும் ஏற்றி நிறுத்துவார். அவன் அசையாமல் இருக்க வேண்டுமே? கருவியில் உள்ள பித்தளைக் குழாய் ஒரு பீரங்கி, அசைந்தால் குண்டு பாயும் என்று சொல்லி வைத்தார். இதை டு காமே பெருமையாக எழுதியிருக்கிறார். 1852-இல் அந்தப் படங்கள் புஸ்தகமாக வெளிவந்து பெரிய கீர்த்தி பெற்றன.

அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராட்சசத் தூண்களுக்கு நடுவே இடுப்புத் துணியோடு ஒரு சிறு உருவம் நிற்கும். கோயிலைப் பார்க்கப் போன எனக்கு அந்த ஆளைத் தவிர வேறொன்றும் கண்ணில் படமாட்டேன் என்கிறது. மனிதனை அளவுகோலாக உபயோகித்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொள்வது சுலபம். ஆனால் அவன் முகத்தில் அந்த நிமிஷத்தில் இருந்த பயத்தை டு காமின் கருவி அவருக்குத் தெரியாமலே பிடித்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கலையில் சில சமயம் இப்படியும் நடக்கிறது. செய்தவன் ஒன்றை நினைப்பான். செய்த பொருள் வேறொன்றைச் சொல்லும்.

இவர்கள் எல்லாரையும்விட நான் உயர்வாக மதிப்பது லூஸி டஃப் கார்டன் சீமாட்டியை. க்ஷயரோகத்துக்கு உலர்ந்த காற்று தேடி 1862-இல் எகிப்துக்கு வந்தவர். ஆற்றில் போய்வருகிற உத்தேசத்தோடு நிற்காமல், லக்ஸர் கோயிலின் மேலேயே கட்டியிருந்த ஒரு பழைய வீட்டில் குடியேறிவிட்டார். கீழே பாதி மண்ணில் புதைந்த தூண்கள். மேலே இவருடைய குடித்தனம். வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1865-இல் புஸ்தகமாக வந்தன. அவற்றில் கோயில் மிகக் கொஞ்சம். யாருக்கு ஜுரம், எவன் வீட்டு ஒட்டகத்தைச் சர்க்கார் பிடித்துக்கொண்டு போனார்கள், கூலியில்லாக் கட்டாய வேலைக்கு எந்தக் கிராமத்திலிருந்து எத்தனை பேரை வாரிக்கொண்டு போனார்கள் என்பதுதான் விஷயம். ஊரார் வைத்தியத்துக்கு வந்து வாசலில் நின்றார்கள். உலகம் முழுவதும் பிரபுக்களின் நைல் யாத்திரையைப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த ஆட்சியின் கொடுமையை இவர் எழுதினார். படகை விட்டு இறங்கி ஒரே இடத்தில் இருந்துவிட்டதால் வந்த பலன் இது. 1869-இல் கெய்ரோவில் இறந்தார். ஐந்து வருஷம் கழித்து எட்வர்ட்ஸ் அம்மாள் அந்த வீட்டைப் போய்ப் பார்த்தபோது, அவருடைய சோபாவும் மடக்கு நாற்காலியும் இன்னும் அங்கே கிடந்தன. இரண்டு புஸ்தகங்கள் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்ட அறை அது. பிற்பாடு கோயிலை வெளியே எடுப்பதற்காக அந்த வீட்டை இடித்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் கட்டுரையை நிறுத்திக்கொண்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் ஸாலி நால்ட்ரெட் என்று ஒரு பெண் இருக்கிறாள். சீமாட்டியின் பணிப்பெண். வருஷக் கணக்காகக் கூடவே இருந்து, எகிப்துக்கும் கூடவே வந்து, இரவு பகல் பார்க்காமல் நோயாளிக்குச் சிசுருக்ஷை செய்தவள். 1864 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், லக்ஸரை நோக்கிப் போய்க்கொண்டிருந்த படகிலே அவளுக்குக் குழந்தை பிறந்தது. தகப்பன், சீமாட்டியின் இன்னொரு விசுவாசமான ஊழியனான உமர். ஏற்கெனவே மனைவி உள்ளவன். சீமாட்டி உமரை வைத்துக்கொண்டார். ஸாலியை மன்னிக்கவில்லை, வேலையை விட்டு விலக்கிவிட்டார். ஊர் ஏழைகளுக்காக அத்தனை உருகிய பேனா, பக்கத்து அறையில் கிடந்த பிள்ளைத்தாய்ச்சி விஷயத்தில் கல்லாகிவிட்டது.

இதனால் அந்தக் கடிதங்களின் மதிப்புக் குறைந்துவிடுகிறதா? நண்பர் ஒருவர் குறையும் என்கிறார். நான் இல்லை என்கிறேன். அன்பு எவ்வளவு தூரம் போகும், எந்த வாசற்படியில் வந்து நின்றுவிடும் என்று அறிய விரும்புகிறவனுக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது. கதாசிரியர்கள் இதை விட்டு வைக்கவும் இல்லை. கேட் புல்லிங்கர் என்பவர் ஸாலியே கதை சொல்வதாக ஒரு நாவல் எழுதினார். 2009-இல் கனடா தேசத்தின் கவர்னர் ஜெனரல் பரிசு அதற்குக் கிடைத்தது. தலைப்பே ‘ஒன்றுமில்லாததன் எஜமானி’. நல்ல நாவல்தான். ஆனால் ஸாலி சில இடங்களில் நம் காலத்துப் பெண்ணைப் போல யோசிக்கிறாள். அந்தக் காலத்துப் பணிப்பெண்ணுக்குத் தன் எஜமானி செய்தது நியாயம் என்றே ஒரு மூலையில் தோன்றியிருக்கலாம் அல்லவா? அந்த மூலைக்கு நாவல் போகவில்லை.

பாய்ப் படகின் காலம் வெகு நாள் நீடிக்கவில்லை. 1870-இல் தாமஸ் குக் கம்பெனி நைலில் நீராவிக் கப்பலில் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் உரிமையைப் பெற்றது. காற்று எப்போது வரும் என்று ரெய்ஸ் ஹஸன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எந்தக் கோயில், எந்தக் கிழமை, எத்தனை மணி, எப்போது சாப்பாடு என்று அச்சடித்த காகிதம் வந்துவிட்டது. எட்வர்ட்ஸ் அம்மாளுக்கு அந்தக் கூட்டத்தைக் கண்டாலே இளக்காரம். இந்த இளக்காரத்தை நான் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. மாசக்கணக்கில் படகை வாடகைக்கு எடுக்க முடியாத உபாத்தியாயரும் குமாஸ்தாவும் ராம்ஸேஸைப் பார்க்கக் கூடாதா என்ன? இருந்தாலும் இலக்கியத்துக்கு அதனால் நஷ்டம் நேர்ந்தது என்பது உண்மை. காற்றுக்காகக் காத்திருந்த நாட்களில்தான் பழைய யாத்ரீகர்கள் மாலுமிகளோடு பேசினார்கள்.

நீராவிக் கப்பலில் பிறந்த ஒரே பெரிய புஸ்தகம் ஒரு துப்பறியும் நாவல். அகதா கிறிஸ்டியின் ‘நைல் நதியில் மரணம்’ 1937-இல் வெளியாயிற்று. கொலைகாரர் யார் என்று இங்கே சொல்லிவிட்டு வாசகர்களின் சாபத்தைக் கட்டிக்கொள்ள எனக்கு உத்தேசமில்லை. ‘கர்னாக்’ என்ற கப்பல் அஸ்வானுக்கு மேலே, நூபியாவில் வாடி ஹல்பாவை நோக்கிப் போகிறது. பணக்காரப் பெண், அவள் கணவன், அவனை இழந்த தோழி, இவர்களைச் சுற்றி ஆளுக்கொரு ரகசியத்தோடு பத்துப் பன்னிரண்டு பேர். பெல்ஜியத் துப்பறிவாளர் பொய்ரோ ஓய்வெடுக்க வந்திருக்கிறார். அவருக்கு எங்கே போனாலும் அந்த பாக்கியம் கிடைப்பதில்லை. படகு என்பது மூடிய வீடு என்று முதலில் சொன்னேனே, அந்த வசதியை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் உபயோகித்தவர் கிறிஸ்டிதான். அபு சிம்பலிலே நடக்கும் முக்கியமான காரியம், மேலேயிருந்து ஒரு பாறை உருண்டு விழுவதுதான்!

பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் ஒரு யோக்கியம் தெரிகிறது. எகிப்தின் ஆத்மாவைக் கண்டுகொண்டேன் என்று அந்த அம்மாள் எங்கும் பாசாங்கு செய்யவில்லை. கப்பலில் போகிற வெள்ளைக்காரர்களுக்குக் கரை எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நாவலிலும் தெரிகிறது. அஸ்வான் தெருவில் பாசிமணி விற்க வருகிற சிறுவர்கள் அந்தப் பாத்திரங்களுக்கு ஒரு தொல்லை, அதற்குமேல் ஒன்றுமில்லை. கப்பலை ஓட்டுகிறவன் முகத்தைக்கூட நாம் நன்றாகப் பார்ப்பதில்லை. இத்தனை சந்தேகப் பேர்வழிகளில் உள்ளூர்க்காரன் ஒருவன்மேலாவது நமக்குப் பலமாகச் சந்தேகம் விழுகிறதா? விழுவதில்லை. கொலை செய்யும் அளவுக்குக்கூட அவனுக்கு அந்தக் கதையில் அந்தஸ்து கிடையாது.

அந்தக் கர்னாக் கப்பல் போன வழி இன்று இல்லை. இது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல. 1902-இல் கட்டி முடித்த அஸ்வான் அணையை 1912-இலும் 1933-இலும் உயர்த்தினார்கள். ஒவ்வொரு தடவையும் நூபியக் கிராமங்கள் முழுகின. பிறகு 1960-இல் தொடங்கி 1970-இல் முடிந்த பெரிய அணை எகிப்தின் பங்கு நூபியா முழுவதையும் நீருக்கடியில் கொண்டுபோயிற்று. அணையைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. பஞ்சமும் வெள்ளமும் மாறி மாறி அடித்த தேசத்துக்கு அது சோறு போட்டது, விளக்கேற்றியது. அபு சிம்பல் கோயிலை உலக நாடுகள் சேர்ந்து காப்பாற்றின. 1964 முதல் 1968 வரை மலையோடு சேர்த்து ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, 65 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய்த் திரும்பவும் பொருத்தினார்கள். எட்வர்ட்ஸ் அம்மாள் டிகாக்ஷன் பூசிய முகமும் பத்திரமாக மேலே ஏறிவிட்டது. அதே வருஷங்களில் சுமார் 50,000 நூபியர்களைக் கப்பலிலும் ரயிலிலும் ஏற்றிக் கோம் ஓம்போவுக்கு அருகே கட்டிய புதுக் குடியிருப்புகளில் இறக்கினார்கள். ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கிடைத்தது ஆற்றிலிருந்து தள்ளி, வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகள்.

இந்த ஜனங்கள் எழுத ஆரம்பித்த பிறகுதான், நூறு வருஷமாக நாம் படித்த நைல் புஸ்தகங்களில் எது இல்லை என்பது தெரிகிறது. முகம்மது கலீல் காஸிம் என்பவர் 1968-இல் ‘அஷ் ஷமந்தூரா’ என்று ஒரு நாவலை அரபியில் வெளியிட்டார். தலைப்புக்கு ஆற்றில் கட்டிவிடும் மிதவை என்று அர்த்தம். முதல் நூபிய நாவல் என்று இதைச் சொல்கிறார்கள். அரசியல் கைதியாகச் சிறையில் இருந்தபோது சிகரெட் காகிதங்களில் எழுதியது. 1933-இல் அணையை உயர்த்தியபோது நீர் ஏறிவந்த கிராமங்களின் கதை. அகதா கிறிஸ்டி தம் கப்பலை அனுப்பி வைத்ததும் அந்த 1930-களில் அதே நீரின் மேல்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். மேல்தட்டில் சீமாட்டி கொலையாகிக்கொண்டிருக்கிறாள். கரையிலோ கொஞ்ச நாள் முன்னால்தான் பேரீச்ச மரமும் வீடும் தண்ணீருக்குள் போயிருக்கின்றன. ஒரு புஸ்தகத்துக்கு மற்றொன்று இருப்பதே தெரியாது.

ஹஜ்ஜாஜ் ஹஸன் உத்தூலின் ‘கஸ்தூரி இரவுகள்’ என்ற கதைத் தொகுப்பு 1989-இல் வந்தது; 2005-இல் ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. ஆற்றுக்கடியில் ஒரு ஜனக்கூட்டம் குடியிருக்கிறது, அவர்களில் நல்லவர்களும் உண்டு, கெட்டவர்களும் உண்டு என்பது நூபியரின் பழைய நம்பிக்கை. உத்தூல் அதை வேடிக்கைப் பொருளாக ஆக்காமல், பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்வது போலச் சொல்கிறார். இன்னொரு கதையில் புதுக் குடியிருப்பில் ஒரு பாட்டி. பழைய ஊரை நினைத்து நினைத்து மறுகுகிறவள். பேரனோ நூபியத் தகப்பனுக்கும் வேற்றுச் சாதித் தாய்க்கும் பிறந்தவன். பாட்டிக்கு அந்தத் தாயைப் பிடிக்காது. பேரனைப் பார்த்தாலும் உதடு சுழிக்கிறாள். ஊரை இழந்தவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று அவர் எழுதவில்லை. இழந்தவளின் வாயில் வசவும் இருக்கிறது, கர்வமும் இருக்கிறது. நம் வீடுகளில் இந்தப் பாட்டியைப் பார்க்காதவர்கள் யார்? பிளாபேருக்கு அலுக்காத ஒரு பக்கம் நைலில் இருந்திருக்குமானால் இந்தப் பாட்டியின் பக்கம்தான் என்று துணிந்து சொல்வேன்.

உத்தூலின் கதைகளில் கலைக் குறைவு உண்டு. சில இடங்களில் துக்கம் கதையை மீறிப் பாட்டாகிவிடுகிறது. ஆசிரியர் கொஞ்சம் தள்ளி நின்றிருக்கலாம் என்று தோன்றும். வேலைப்பாட்டில் எட்வர்ட்ஸ் அம்மாளுக்கு அவர் ஈடாக மாட்டார். ஆனால் கரை, படுதாவாக இல்லாமல் தரையாக இருப்பது அவரிடத்தில்தான். அங்கே கப்பல்தான் தூரத்தில் தெரிந்து மறைகிற காட்சி.

இன்றைக்கும் நைலில் கப்பல் பிரயாணம் அமோகமாக நடக்கிறது. லக்ஸரிலிருந்து அஸ்வானுக்கு மூன்று நாலு இரவுகள். நடுவில் எட்பு, கோம் ஓம்போ. மேல்தட்டில் நீச்சல் குளம்கூட இருக்கிறது. எஸ்னாவில் மதகைத் தாண்டுவதற்காகக் கப்பல்கள் காத்து நிற்கும்போது, சிறு படகுகளில் வியாபாரிகள் சூழ்ந்துகொள்வார்கள். துணியைப் பையில் சுருட்டி, கீழேயிருந்து நாலு மாடி உயரத்துக்கு வீசுவார்கள். மேலே இருப்பவர்கள் பிரித்துப் பார்த்து, பேரம் பேசி, பிடித்தால் அதே பையில் பணத்தை வைத்துப் போடுவார்கள். பிடிக்காவிட்டால் துணியே திரும்பி விழும். கரை கப்பலோடு பேசுவதற்கு வைத்திருக்கும் வழி இது. அந்த வீச்சின் குறி தவறாமையைப் பற்றி மட்டும் ஒரு நல்ல சிறுகதை எழுதலாம். ஆனால் எழுதுகிறவர் அந்தச் சிறு படகில் உட்கார்ந்துகொண்டு எழுத வேண்டும்.

கோம் ஓம்போவில் கப்பல் கோயிலுக்கு நேராகவே கட்டப்படுகிறது. ஒரே கட்டடத்தில் இரண்டு தெய்வங்களுக்குச் சரிபாதி பிரித்த விசித்திரமான கோயில் அது. பக்கத்தில் பதப்படுத்திய முதலைகளுக்கென்று 2012-இல் திறந்த ஒரு மியூசியம். பிரயாணிகள் இரண்டையும் பார்த்துவிட்டு இராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். கோயிலுக்குப் பின்னால், ஆற்றைவிட்டுத் தள்ளி, 1960-களில் கொண்டுவந்து இறக்கிய நூபியர்களின் கிராமங்கள் இருக்கின்றன. தண்ணீருக்கடியில் விட்டுவந்த ஊர்களின் பெயர்களையே அவர்கள் இவற்றுக்கும் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஓர் ஊரின் பெயர் அபு சிம்பல்.